ஃபயர்வயரில் வந்த குரல்

கண்ணுகளா, போன மாசம் ஒரு வாரம் போல நம் கடைக் கணினியை யாரையும் தொட விடாமல் வைத்திருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அப்போது உட்கார்ந்து சொல்ல நேரமில்லை, இப்போது எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

இன்றைக்கு நம் கடைக்குப் பஞ்சாயத்துக்கு அபேக்ஷை மனு அடிக்கவும் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கவும்தான் ஆட்கள் வருகிறார்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றிக் கல்யாணம் என்றால் வீடியோ கேமராவோடு நான்தான் போவேன். பெருமாட்டியில் இருக்கிற தென்னந்தோப்பு வீட்டுக் கல்யாணமும் அப்படி எடுத்ததுதான். அந்தக் கல்யாணப் பெண்ணின் மகள் இப்போது நர்சிங் முடித்து, வெளிநாட்டில் வேலை கிடைத்துப் புறப்பட இருந்தாள். ஒரு டிவிடியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"மாமா, இதுல அம்மா வாய் மட்டுந்தானுங்க அசையுது. பூராவும் சினிமாப் பாட்டு."

"அப்பெல்லாம் அப்படித்தான் பாப்பா. பாட்டுப் போடலீன்னா வீடியோ ஊமையா இருக்குதுன்னு சண்டைக்கு வருவாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவள் நடை பழகிய வயதில் அவள் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. காற்று மாதிரி ஒரு முணுமுணுப்புதான் மிச்சம். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும், போனில் கேட்காது.

"நா அங்க போயிட்டா அம்மா பேசறது கேக்கவே கேக்காதுங்க மாமா. நல்லா இருந்தப்போ பேசுன ஒரு வார்த்தையாவது போன்ல வெச்சுக்கிட்டுப் போகோணும். எனக்கு அந்தக் குரலு ஞாபகமே இல்லீங்க."

பாட்டு ஏற்றாத மூலக் கேசட்டில்தான் குரல் இருக்கும். கேசட்டுகளையெல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு அழித்துவிடுவோம். ஆனால் புதுக் கேமராவில் எடுக்கும் முதல் கேசட்டை அழிக்க மாட்டோம். பொட்டு வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம், அது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். என் கேமரா முதன்முதலில் ஓடியது இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பெண் வீட்டில் நடந்த சீர்ச் சடங்கில். ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு உங்கள் அம்மா பக்தியாக வைத்த சந்தனமும் குங்குமமும் கேசட் மூடியின் இடுக்கு வரைக்கும் இறங்கியிருந்தன.

பிரஷ் வைத்துத் தட்டி எடுத்தேன். உள்ளே எவ்வளவு பொடி போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அது கேமராவில் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டினால் படம் போகும், நாடா சிக்கினால் எல்லாமே போகும். ஒரு தடவை ஓடினால் பெரிது. அந்த ஓட்டத்திலேயே கணினி பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கேமராவிலிருந்து படமும் ஒலியும் முழுதாக வெளியே வர ஒரு வழிதான் உண்டு. ஃபயர்வயர் என்ற வேகமான சீரியல் பஸ். ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தகவல் ஓடிவரும். இப்போதைய கணினிகளில் அதற்கான துவாரமே கிடையாது. பொள்ளாச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் அதற்கான கார்டு கிடைத்தது. செருகினேன். கணினி கண்டுகொள்ளவே இல்லை.

நம் கணினியில் ஓடுவது உங்கள் பள்ளிக்கூட லேப்டாப்பில் இருக்கிற லினக்ஸ்தான். அதன் நடுவே கெர்னல் இருக்கிறது. எந்தக் கருவியிடமும் பேசுவது அதுதான். ஒவ்வொரு கருவியின் பாஷைக்கும் ஒரு டிரைவர் வேண்டும். ஃபயர்வயரை இன்று யார் தேடப்போகிறார்கள் என்று நம் பதிப்பைத் தயாரித்தவர்கள் அந்த டிரைவர்களை விட்டுவிட்டார்கள். கெர்னலையே நான் திரும்பக் கட்ட வேண்டும்.

அதற்கு ஒரு நீலத் திரை வரும். ஆயிரக்கணக்கில் கேள்விகள், இது வேண்டுமா, அது வேண்டுமா என்று. ஃபயர்வயர் என்று எழுதியிருந்ததைத் தேடிப் பிடித்து 'வேண்டும்' என்று போட்டேன். கணினி கெர்னலைக் கட்டுகிற வேலை காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆகியும் முடியவில்லை. நடுவில் கரண்ட் வேறு போனது, இன்வெர்ட்டர் காப்பாற்றியது. புதுக் கெர்னலில் கணினி எழுந்தது. கார்டு மட்டும் எழவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாயும் மகளும் வந்தார்கள். டிரைவர் சரியாக அமையவில்லை என்றேன். தாய் என்னமோ முணுமுணுத்தாள். மகள் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

"எங்கூட்டு டிராக்டருக்கே ஒரு டிரைவரு சிக்க மாட்டீங்கறான், உங்க பொட்டிக்கு எங்கீங்ணா சிக்குவான்னு கேக்கறாங்க."

தாய் கையை ஆட்டி இன்னும் ஏதோ சொன்னாள். இதை மகள் திருப்பிச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். நானே கிட்டப் போய்க் கேட்டேன்.

"விடுங்ணா. போன குரலு போனதுதான். இவளுக்கு ஆசை காட்டி ஏமாத்தீராதீங்க."

அவர்கள் போன பிறகு இணையத்தில் துழாவினேன். விஷயம் புரிந்தது. நான் சேர்த்தது ஃபயர்வயரின் பொதுப் பகுதியை மட்டும். நம் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை எழுதி வைத்தாயிற்று, ஆனால் மடையைத் திறக்க ஆளைப் போடவில்லை. அந்த ஆள் ஓஹெச்சிஐ என்ற இன்னொரு டிரைவர். நீலத் திரையில் அதற்கு அடுத்த வரியிலேயே இருந்திருக்கிறான்! அவனையும் சேர்த்து மறுபடி கட்டினேன். கேமராவைச் செருகியதும் புதுக் கருவி வந்திருக்கிறது என்று திரையில் ஒரு வரி ஓடியது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

அந்தக் கேசட்டை உடனே போட எனக்குத் தைரியம் வரவில்லை. வேறொரு கேசட்டில் சோதித்தேன். படம் அங்கங்கே சில்லுச் சில்லாக உடைந்து வந்தது. வீடியோ வருகிற கணக்கு வாய்க்கால் முறை போலத்தான். நம் முறையில் மடை திறந்திருந்தால் பாயும். நாம் அசந்தால் தண்ணீர் தாண்டிப் போய்விடும், யாரும் திருப்பி விட மாட்டார்கள். நான் வெளி டிஸ்க்கில் சேமித்துக்கொண்டிருந்தேன். அது மெதுவாக எழுதியதால் கணினி முறையைத் தவறவிட்டது. உள் டிஸ்க்குக்கு மாற்றி, மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரு கட்டம்கூட உடையவில்லை. நான் உங்களை விரட்டியது அதற்காகத்தான்.

மறுநாள் தாயையும் மகளையும் வரச் சொன்னேன். கேசட் உள்ளே போய்க் கரகரவென்று சுற்றியது. முதலில் வெறும் கோடுகள். அப்புறம் பந்தல், வாழை மரம், முறத்தோடு பெண்கள். ஜரிகைப் புடவையில் இந்தத் தாய், இருபத்தொன்றோ இரண்டோ வயசு. கேமராவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஏனுங்ணா, அந்த லைட்டக் கண்ணுக்குள்ளயே அடிக்கறீங்க! மையெல்லாம் கரையுது. போயி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களப் புடிங்க, பந்தியில ஆளுக்கு எத்தன வடைன்னு நாளைக்குச் சாட்சி வேணும்!"

பந்தலே சிரித்தது. அவள் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது, வெண்கலச் செம்பைத் தட்டிய மாதிரி. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு படம் மங்கி, கேமரா தானாக நின்றுவிட்டது. அதற்குப் பின் அது ஓடவே இல்லை. ஆனால் அதுவரைக்கும் வந்தது பூராவும் கணினியில் இருந்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "அம்மா, இது நீயா? இத்தன வாயா?"

தாய் கழுத்தைத் தடவிக்கொண்டே அவள் காதில் ஏதோ சொன்னாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா இந்த வாயக் கேட்டுப் பயந்துதான் தாலி கட்டுனாராமுங்க. அம்மா போனுக்குக் கூப்பிடறப்போ மணியாவே இத வெச்சுக்கச் சொல்றாங்க."

அங்கேயே வைத்துக் கொடுத்தேன். தாய் தன் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். மகள் கையில் இருந்த போன் "ஏனுங்ணா, அந்த லைட்ட" என்று என்னைத் திட்டியது. தெருவில் இறங்கிப் போகும்போதும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

அவர்கள் போனதும் கடையில் நான் மட்டும்தான். எப்போதாவது வருகிற வேலையாக வண்ணாமடைப் பக்கம் எடுத்த ஒரு காதுகுத்து வீடியோ எடிட்டிங் பாதியில் கிடந்தது. அதைத் திறந்து, மேலே போட்டிருந்த பாட்டின் சத்தத்தை முழுக்க இறக்கினேன். மடியில் குழந்தையை வைத்திருந்த தாய்மாமன், "அழுகாதே சாமி, மாமனுக்குந்தான் வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை அப்படியே விட்டுச் சேமித்தேன்.