நகத்தில் நசுக்கிய பேன்

முதலில் வந்தது குளிர், அதுவும் பங்குனி வெயிலில். சிவாஜிநகர் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பல்லோடு பல் அடித்தது. அப்போது எனக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது, தலைச்சன் பிள்ளை.

ஐந்து நாள் கொளுத்திய காய்ச்சல், ஆறாம் நாள் வேர்த்துக் கொட்டி நின்றுவிட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் என் கணவர் அருளப்பன் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். நானும் தலைக்கு ஊற்றிக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டேன். ஒரு வாரம் கழித்து, போன காய்ச்சல் திரும்பி வந்தது. இதே காய்ச்சலில் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன், தானாக விட்டதும் குணம் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் (நுண்கிருமிகளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தார். சுருள் கம்பி போலக் கிருமிகள் நெளிகின்றனவாம். ரிலாப்சிங் ஃபீவர் (விட்டுவிட்டுத் திரும்பும் காய்ச்சல்) என்றார்.

“வீட்ல வேற யாருக்காவது ஜுரம் இருந்துச்சா?”

“நாத்தனார் ஸ்டெல்லாவுக்கு இருந்துச்சு டாக்டரம்மா. மில் ஹாஸ்டல்லேர்ந்து ஜுரத்தோடதான் வந்தா. தலை பூரா பேனு. நான்தான் உட்கார வச்சு எடுத்துவிட்டேன்.”

“எடுத்து என்ன பண்ணீங்க?”

இது ஒரு கேள்வியா? எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கினேன். டக்கென்று சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் திருப்தி. எங்கள் வரிசை வீடுகளில் அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேனைப் பெருமாளாக்குகிறாரே இந்த அம்மா என்று எரிச்சல்கூட வந்தது.

அவர் என் கையைத் திருப்பினார். மீன் ஆய்ந்தபோது நகக்கண்ணில் கிழித்த காயம் அப்போதுதான் ஆறியிருந்தது.

“பேன் கடிச்சா இது வராதும்மா. நசுக்கினது புண்ணுல பட்டாத்தான் வரும். துணியில இருக்கற பேனுன்னுதான் புஸ்தகத்துல இருக்கு. தலைப்பேனும் கொண்டு வருமான்னு எங்களுக்கே நிச்சயமா தெரியாது. வரலாம்.”

கொசுவைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பேன் இல்லாத வீடு ஏது? அதுவும் பிரியத்தில் செய்த காரியம்.

பென்சிலின் போட்டார்கள். சில மணி நேரத்தில் குளிர் முன்னைவிட மூர்க்கமாகத் தூக்கிப்போட்டது. கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அன்று சாயங்காலம் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. மறுநாள் பிறந்தான், உயிரில்லாமல். காய்ச்சல் அவனையும் தொட்டிருந்தது.

ஸ்டெல்லாவுக்கும் ஊசி போட்டார்கள். என் கட்டிலருகே வந்து நின்றாள்.

“என்னாலதானா அண்ணி?”

“இல்லடி. என் கையால.”

அவளைத் தேற்ற வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதிர்ச்சியில் மனசு மரத்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்தார். ரத்தத்தில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்றார். அவர் போன சற்று நேரத்தில் என் ரவிக்கை நனைந்தது. பால் சுரந்திருந்தது. பிள்ளை இல்லை என்ற சேதி உடம்புக்கு எட்டவில்லை. நர்ஸ் துணியை வைத்து மார்பை இறுக்கிக் கட்டினாள்.

அந்த வார்டில் கடிகாரம் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. அவனுக்குப் பசித்திருக்கும் நேரமெல்லாம் மார்பு கனத்து, கட்டிய துணி நனைந்தது.