றேடியோவின் காது, ஆமையின் கண்

பழுதான றேடியோ ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மக்டலீன் முதலில் அதன் முதுகுப் பலகையைக் கழற்றி உள்ளே மூக்கை விடுவாள். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மணப்பாள். "கருவாடு மணக்குது. கொண்டென்சர் எரிஞ்சு போட்டுது" என்பாள். சில வேளை, "ஒரு மணமும் இல்லை. இதுக்குள்ளை ஒருத்தரும் சாகேல்லை, ஆரோ கோவிச்சுக்கொண்டு பிரிஞ்சு நிக்கினம்" என்பாள். எங்கோ ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். றேடியோ கொடுத்தவர் அதைக் கேட்டுச் சிரித்தால் அவளுக்குப் பிடிக்காது. அவள் பகிடி விடவில்லை, நோயைச் சொல்லியிருக்கிறாள்.

மக்டலீன் என் தங்கை. வயது முப்பத்திரண்டு. குருநகரில் எங்கள் வீட்டு முன்னறையில், என் தையல் மெசினுக்கு எதிரே அவளுடைய மேசை. சண்டையால் மின்சாரம் நின்றுபோன பிறகு, வயர்களை ஒட்ட ஈயம் பிடிக்கும் கம்பியைச் சிரட்டைக் கரியில்தான் காய்ச்சுகிறாள். எனவே எங்கள் வீட்டில் தேநீரும் ஈயமும் ஒரே அடுப்பில் நடக்கின்றன. பல்லுக்கிடையில் எப்போதும் ஒரு வயர்த் துண்டு இருக்கும். நான் தைத்துக் கொடுத்த சட்டைகளில் ஈயம் தெறித்துப் பொத்தல் விழாதது ஒன்றுகூட இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் இங்கிலீசுச் சஞ்சிகைகளை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அட்டை தொடக்கம் அட்டைவரை வாசிப்பாள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் உண்மை.

அவளிடம் ஒரு குறை உண்டு. எதிரே ஆள் அகப்பட்டால், இயந்திர விலங்குகளின் வம்ச வரலாற்றைச் சொல்லாமல் விடமாட்டாள். ஏதோ எங்கள் தகப்பன் வழிச் சொந்தக்காரரைப் பற்றிக் கதைப்பது போலத்தான் கதைப்பாள்.

"பிரான்சிலை ஒரு வாத்து இருந்தது. இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி. தானியம் தின்னும், எச்சமும் போடும். சனம் காசு குடுத்துப் போய்ப் பாத்தது. பிறகு பாத்தா, எச்சத்தை முன்னமே செய்து உள்ளுக்கை வைச்சிருக்கிறாங்கள். கள்ள வாத்து!"

அந்த வாத்தை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. வாத்து முடிந்தால், லாந்தர் வெளிச்சத்துக்குப் பின்னால் போன நாய் வரும். பிறகு, பந்து பொறுக்கித் தன் கூட்டில் சேர்த்த அணில் வரும். ஒரு நாள் பக்கத்து ஒழுங்கை லூர்த்தம்மா றேடியோவோடு வந்து, எலியிடம் அகப்பட்டுக்கொண்டாள்.

"அமெரிக்காவிலை ஒரு எலி அக்கா. சுத்தி வளைக்கிற வழியெல்லாம் உள்ள பெட்டிக்குள்ளை விட்டால், முதல்தரந்தான் தடக்குப்படும். அடுத்த தரம் நேரை போய்ச் சேரும்."

லூர்த்தம்மா யோசித்தாள். "உந்தச் சாமானை என்ரை மனுசனுக்கும் பூட்டி விடன் பிள்ளை. அந்தாள் கள்ளுத் தவறணைக்கு மட்டுந்தான் நேரை போகுது."

எல்லா விலங்குகளுக்கும் மேலே அவள் வைத்திருப்பது ஆமைகளை. நாற்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில், மூளையை ஆராய்ச்சி செய்த ஒருவர் கட்டிய ஆமைகள் அவை. வெளிச்சத்தைத் தேடிப் போகும். முட்டுப்பட்டால் விலகிப் போகும். பசித்தால் தாமாகவே கூட்டுக்குத் திரும்பி மின்சாரம் குடிக்கும். "உள்ளுக்கை ரெண்டே ரெண்டு றேடியோ வால்வு அக்கா. ரெண்டு வால்வோடை ஒரு சீவன்!" என்று சொல்லும்போது அவளுடைய குரல் கோவிலில் கதைக்கும் குரலாகிவிடும்.

அப்படி ஒன்றை அவளும் செய்யத் தொடங்கினாள். என் சோற்றுப் பானையின் மூடி அதற்கு ஓடாயிற்று. என் நூல்கட்டைகள் சில்லுகளாயின. பழைய கசற் றெக்கோடர்களில் இருந்த மோட்டார்கள் கால்களாயின. கண் மட்டும் கிடைக்கவில்லை.

கண் கிடைத்த விதந்தான் வில்லங்கமாகப் போய்விட்டது. எங்கள் தாயின் தம்பி யாகப்பு அம்மான், தன் கலியாணத்துக்கு வாங்கிய றேடியோவைத் திருத்தத் தந்திருந்தார். அந்தக் காலத்துத் திரான்சிஸ்டர்கள் கண்ணாடியால் ஆனவை, மேலே கறுப்பு மை பூசியிருக்கும். மையைச் சுரண்டிவிட்டால் அவை வெளிச்சத்தை உணரும் என்பது மக்டலீனுக்குத் தெரியும். தெரிந்த பிறகு அவளுடைய கை சும்மா இருக்குமா?

அம்மான் றேடியோவைக் கேட்டு வந்தார். சண்டையால், மீன்பிடிக்கிறவர்களைக் கடலுக்குப் போக விடாத நாட்கள் அவை. செய்தியும் கேளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"எங்கை மோனை என்ரை றேடியோ?"

"அதின்ரை காது இப்ப இதுக்குக் கண், அம்மான்."

அம்மான் நிலத்தில் கிடந்த பானை மூடியைச் சுற்றி நடந்து பார்த்தார். "உதென்ன, ஆமையோ? எத்தினை பேருக்குக் கறி காணும்?"

"இது கறிக்கில்லை. வெளிச்சத்தைக் கண்டால் தன்ரை பாட்டிலை போகும்."

"ஓமோம். நூல் கட்டி இழுத்தால் என்ரை வள்ளமுந்தான் தன்ரை பாட்டிலை போகும்."

மக்டலீனைக் கழுதை என்று சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். அந்தக் கள்ள வாத்துக்காரரோடு தன்னைச் சேர்த்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அந்த இடத்திலேயே பந்தயம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், ஆமை எல்லோருக்கும் முன்னால் தானாகவே விளக்கடிக்குப் போகவேண்டும். போனால் கண் ஆமைக்கு. போகாவிட்டால் கண்ணைக் கழற்றி, திரும்பவும் மை பூசி, றேடியோவில் வைத்துக் கொடுக்கவேண்டும். அந்த மாதிரித் திரான்சிஸ்டர் இனி யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பேசும்போது இருந்த வீராப்பு அம்மான் படலை தாண்டியதும் போய்விட்டது. சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "கண் போனால் இது வெறும் பானை மூடி அக்கா" என்றாள்.

ஞாயிறு வந்தது. கதவு யன்னலெல்லாம் சாத்தி, அறையின் மூலையில் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்தோம். பற்றரி என்ற சாமானைக் கண்ணால் காணமுடியாத காலம். ஆகவே, ஸ்ராண்டில் ஏற்றிய சைக்கிளின் டைனமோவிலிருந்து ஆமைக்கு நீள வயர் போயிற்று. சைக்கிளை மிதிக்க நான் போனேன். அம்மான் விடவில்லை.

"நீ தள்ளி நில். அக்காவும் தங்கச்சியும் சேந்து அதுக்குள்ளையும் ஏதாவது செய்வியள்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

ஆமையின் மூக்கிலிருந்த சின்ன மின்குமிழ் எரிந்தது. வெளிச்சத்தைத் தேடும்போது அது எரியும், வெளிச்சம் கண்ணில் பட்டதும் அணையும். ஆமைக்கு என்ன நடக்கிறது என்று தான் அறிவதற்காக மக்டலீன் வைத்தது. ஆமை சுற்றியது, விளக்கின் பக்கம் திரும்பியது, நூல்கட்டைகள் கடகடக்க ஊர்ந்தது. "போகுது, போகுது!" என்று லூர்த்தம்மா வள்ளப் போட்டியில் கத்துவதுபோலக் கத்தினாள்.

பாதி வழியில் அலுமாரி. அதில் ஆளுயரக் கண்ணாடி. ஆமை அதற்கு நேரே வந்ததும், கண் விளக்கைக் கொஞ்சம் தவறவிட, மூக்கு எரிந்தது. நின்று, கண்ணாடிக்குள் தெரிந்த தன் மூக்கு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியது. பார்த்ததும் மின்குமிழ் அணைந்தது. அணைந்ததும் கண்ணாடியில் ஒன்றுமில்லை. தேடியது, எரிந்தது. கண்டது, அணைந்தது. இடப்பக்கம் ஒருக்கால், வலப்பக்கம் ஒருக்கால் என்று நெளிந்து நெளிந்து அங்கேயே நின்றது. புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்க என்னிடம் வரும் பெண்கள் அந்தக் கண்ணாடியின் முன்னால் அப்படித்தான் நிற்பார்கள்.

"தோத்துப்போனாய் பிள்ளை!" அம்மான் மிதித்தபடியே கூவினார். "விளக்கு அங்கை கிடக்குது, உது இங்கை நிண்டு சிங்காரிக்குது!"

"பொம்பிளை ஆமை போலை" என்றாள் லூர்த்தம்மா.

மக்டலீன் ஆமைக்குக் கிட்டப் போனாள். நான் ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்த கோவில் சீலையோடு சீமெந்து நிலத்தில் குப்புறப் படுத்தாள். கன்னத்தை நிலத்தில் வைத்து, ஆமையின் உயரத்திலிருந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மெல்ல. "இதை நான் வைக்கேல்லை. கண்ணாடியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இது தானாச் செய்யுது."

அம்மான் ஹாண்டிலுக்கு மேலால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். மிதித்த கால் தளர்ந்தது. மூக்கு வெளிச்சம் மங்கியது, ஆமை சோர்ந்து நின்றது. அவர் திடுக்கிட்டுத் திரும்பவும் மிதித்தார். ஆமை திரும்பவும் நெளிந்தது.

"தோத்தது தோத்ததுதான்" என்றார், முன்னைய சத்தம் இல்லாமல். இன்னும் நாலு மிதி மிதித்துவிட்டு, "உந்தச் செயினுக்கு எண்ணெய் விடுங்கோவன், இறுகிக் கிடக்குது" என்றார். றேடியோ என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை.

மக்டலீன் நிலத்திலிருந்து கன்னத்தை எடுக்காமலே, திரும்பியும் பாராமல், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் உயர்த்தி, இன்னும் கெதியாக மிதிக்கும்படி அம்மானுக்கு விரலை ஆட்டினாள்.