விலக்கும் விளக்கும்

மாலை நான்கரை. கோவில்பட்டியில் பேருந்து ஏறினேன். வேளச்சேரியில் எங்கள் மேல்வீட்டுக்காரர், "அந்தப் பக்கம் போனா எங்க ஊரையும் எட்டிப் பாருங்க" என்று சொல்லியிருந்தார். புதூர் வட்டாரம். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் புரியும்.

ஆறு மணி. விலக்கில் இறங்கினேன். பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தை இங்கே விலக்கு என்கிறார்கள். உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடை. முந்தின நாள் மழையில் கரிசல் என் செருப்பை விடவே இல்லை. இருபுறமும் முள்காடு. இருட்டத் தொடங்கியபோது தூரத்தில் வீட்டுக்கு வீடு விளக்கு தெரிந்தது. ஊரே சென்னைக்கு வந்துவிட்டது என்று மேல்வீட்டுக்காரர் அளந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

முதல் வீட்டில் தட்டினேன். பதில் இல்லை. அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு கட்டில், அதன்மேல் தூசி. எங்கள் அடுக்ககத்தில் வாசலுக்கு வாசல் செருப்பு குவிந்து கிடக்கும். இங்கே ஒரு வாசலிலும் செருப்பு இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. சத்தியமாகப் பயந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, இருட்டாக இருந்த எதிர்வீட்டில் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

உள்ளேயிருந்து ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வந்தார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. செல்லத்தாய் என்று பெயர் சொன்னார்.

"ஆளுவளத் தேடுதீங்களா அண்ணாச்சி? நானும் எங்க வீட்டுக்காரவியளும் மட்டுந்தான் இங்கன இருக்கோம்." கணவரைத்தான் அப்படிச் சொன்னார்.

"அப்புறம் எதுக்கு இத்தனை விளக்கு?"

"பூட்டுன வீடு வெள்ளிக்கிழமை இருட்டாக் கெடக்கக் கூடாதுன்னு சாவியக் குடுத்துட்டுப் போனாவ. நான் தெனமும் போடுதேன். விலக்குல இருந்து பாத்தா வெளிச்சம் தெரியணும்லா? ஆளு இல்லன்னு தெரிஞ்சா பஸ்ஸு உள்ள வராது. எங்க வீட்டுக்காரவியளுக்குக் கிட்னி போயிட்டு. வாரத்துக்கு ரெண்டு தடவ கோயில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ராத்திரி ஏழேகால் பஸ்ஸுலதான் திரும்பணும். விலக்குல எறங்கி நடக்க ஏலாது."

மகன் தாம்பரத்தில் இருக்கிறானாம். "கூப்பிடத்தான் செய்யுதான். ஒத்த ரூம்புல எங்கன படுக்க?"

பஸ் போனதும் எல்லாவற்றையும் அணைத்துவிடுவாராம். கரண்ட் பில் கூடினால் சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏழேகால். பேருந்து வந்தது. ஏறியவன் நான் ஒருவன்தான். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஊருக்குள்ள ஆளுவ இருக்காவளா அண்ணாச்சி? இந்த ட்ரிப்ப நிப்பாட்டிரலாமான்னு டிப்போல கேக்காவ."

"இருக்காங்க. நிறைய பேர் இருக்காங்க" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, பின்கண்ணாடியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. ஒரு வீடு, அடுத்த வீடு, அப்புறம் தெரு முழுக்க. கண்டக்டரும் குனிந்து பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு விளக்கு மிஞ்சியது.

"சீக்கிரமே படுத்துருதாவ போல" என்று சொல்லிவிட்டு எனக்கு டிக்கெட் கிழித்தார்.