எட்டாம் நாள் குப்பி

பொறாமைப்பட்டதே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வீர்களா? பூஞ்சை அக்கா சொல்லமாட்டாள். மருத்துவமனை ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக நோயாளிகளின் ரத்தத்தைக் குப்பியில் வைத்து, கிருமியோ பூஞ்சையோ முளைக்கிறதா என்று பார்ப்பவள்; அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான். மாடியில் இதய ஸ்கேன் எடுக்கும் டாக்டர் அவளுடைய சொந்தத் தங்கை. பள்ளியில் முதல் மதிப்பெண் அக்காதான். ஒருத்தி வேலைக்குப் போக வேண்டி வந்தபோது, மூத்தவள்தானே என்று இவளை அனுப்பினார்கள். ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. படியில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டாலே அக்காவுக்கு வயிறு எரியும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய லாரி ஓட்டுநர் ஒருவர் மூன்று வாரக் காய்ச்சலோடு வந்தார். அந்தச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரை, நோய் எதிர்ப்பையும் சேர்த்து முடக்கிவிடும். தங்கை நெஞ்சின்மேல் கருவியை வைத்துப் பார்த்து, இதய வால்வு சுத்தம், கிருமி ஒட்டவில்லை என்று கையெழுத்திட்டாள். ரத்தக் குப்பியிலும் ஐந்து நாள் எதுவும் முளைக்கவில்லை. அதோடு குப்பியைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். அக்கா கழிக்கவில்லை. பூஞ்சை சிலசமயம் தாமதமாக வரும் என்பது பாதிக் காரணம். தங்கையின் கையெழுத்து பொய்யாகாதா என்பது மீதி.

எட்டிப்பார்த்த தங்கை, "இன்னுமா அடைகாக்குற? குஞ்சு பொரிச்சா சொல்லு" என்று போனாள்.

எட்டாம் நாள் காலை குப்பி கலங்கியிருந்தது. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், மொட்டுவிட்ட பூஞ்சை. அக்கா வாயைத் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு எல்லா டாக்டர்களும் கூடுவார்கள், அங்கே வைத்துத் தங்கையின் மூக்கை உடைக்கலாம் என்று காத்திருந்தாள். ஒன்பதரைக்கு ஓட்டுநரின் மனைவி வாசலில் வந்து நின்றார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?"

அக்கா மாடிக்கு ஓடினாள்.

தங்கை தொண்டை வழியாக ஸ்கேன் குழாய் இறக்கி மறுபடி பார்த்தாள். வால்வின் பின்பக்கம் மொச்சை அளவுக்குப் பூஞ்சைக் கட்டி. அன்றே பூஞ்சை மருந்து ஏறியது, மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை. ஓட்டுநர் பிழைத்தார்.

"அந்தக் குப்பிய ஏன்க்கா வெச்சிருந்தே?"

"உன்னக் கவுக்கத்தான்."

"கவுத்துட்ட, போ" என்று தங்கை சிரித்தாள்.

அறிக்கையில் தங்கையின் பெயர் மட்டுமே இருந்தது. அக்காவுக்கு இன்னும் எரிகிறது. காத்திருந்த அந்த நேரம் குற்றம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒருவரின் உயிர், ஒருத்தியின் வயிற்றெரிச்சலை நம்பியா இருக்க வேண்டும்? உங்கள் வீட்டில் உறுப்பு மாற்றியவரோ புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவரோ விடாத காய்ச்சலில் கிடந்தால், 'கிருமி இல்லை' என்ற தாளோடு திரும்பிவிடாதீர்கள். பூஞ்சையைத் தேடினீர்களா, குப்பியை எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். அந்தக் குப்பியைப் பார்த்தவரின் பெயரையும் தாளில் எழுதச் சொல்லுங்கள்.