அப்துல் பாரியின் மூன்று புரூஃப் நாணயங்கள்

2009 மார்ச் 14: ரூ. 17,200
2011 ஜூன் 3: ரூ. 24,600
2013 ஜனவரி 19: ரூ. 33,400

பந்தல்குடியில் தூத்துக்குடி சாலையோரம் தார்ப்பாய்க் கடை வைத்திருந்த அப்துல் பாரி, சவூதியின் தம்மாமில் கிடங்கு வேலை பார்த்த காலத்தில் வாங்கிய மூன்று தங்க நாணயங்களின் விலை இது. ஒவ்வொன்றும் எட்டுக் கிராம். அன்றைய தங்க விலைக்கு மேல் தூக்கிக் கொடுத்துத்தான் வாங்கினார். சேகரிப்பவர்களுக்கென்றே மெருகேற்றிய அச்சில் அடித்த புரூஃப் நாணயங்கள் அவை. பரப்பு கண்ணாடியாக முகம் காட்டும். உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் வெளுத்திருக்கும். பிற்காலத்தில் தங்கத்தைவிட நாணயத்துக்கே விலை என்று விற்றவர் சொன்னதை பாரி மறக்கவில்லை.

ஊர் திரும்பியபின் ஒவ்வொரு நோன்பு மாதமும் கையிருப்புத் தங்கத்துக்கு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஜகாத் பங்கைக் கணக்குப் பார்ப்பதற்கு முன் மூன்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அருப்புக்கோட்டை போவார். நகைக்கடை கோட்டைச்சாமி தராசைத் துடைத்து வைப்பார். பாரி கண்ணாடி உறையைத் திறந்து நாணயத்தை எடுப்பார். தூசி எடையில் சேர்ந்துவிடக் கூடாதென்று வெள்ளைக் கைக்குட்டையால் இருபுறமும் அழுத்தித் துடைத்துத் தட்டில் வைப்பார்.

“பாய், எட்டுக் கிராம்னு அட்டையிலயே போட்ருக்கான். நோன்பு வச்சு அது எளைக்கவா போகுது?” என்பார் கோட்டைச்சாமி.

“அட்டையில உள்ளது அவன் சொன்ன கணக்கு. அல்லாவுக்கு நாந்தான கணக்குச் சொல்லணும்.”

எடை ஒருமுறையும் மாறவில்லை.

சென்ற ஆண்டு வைகாசியில் கடை இருந்த இடத்தின் சொந்தக்காரர் சண்முகவேல், அதை விற்கப்போவதாகவும் பாரி வாங்குவதானால் மூன்றரை லட்சம் முன்பணம் வேண்டுமென்றும் சொல்லிவிட்டார். லாரிக்காரர்களுக்குப் பழகிய இடம். அதை விட்டால் வியாபாரம் படுத்துவிடும். நாணய ஏல நிறுவனமொன்றின் விலைப்பட்டியலில் அதே வகை நாணயம் ஒன்றே கால் லட்சத்துக்குப் போயிருந்தது. மூன்றும் விற்றால் முன்பணம் போக மிச்சமே இருக்கும். பாரி மதுரையிலுள்ள அந்த நிறுவனத்தின் கிளையில் நாணயங்களை ஒப்படைத்து ரசீது வாங்கிவந்தார்.

ஜூன் 24 அன்று பதில் வந்தது. பரப்பெங்கும் துணியால் துடைத்த நுண்ணிய கீறல்கள் இருப்பதால் புரூஃப் நாணயத்துக்குரிய விலை தர இயலாது. எடைக்குரிய தங்க விலை இரண்டு லட்சத்துப் பதினையாயிரம் தரலாம் என்று எழுதியிருந்தார்கள். பாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு மனைவி பல்கீஸிடம் விவரத்தைச் சொன்னார்.

அவர் அரிசி களைந்துகொண்டே கேட்டார். “நான் கழுத்துல போட்டிருந்தாக்கூட இம்புட்டுத் தேஞ்சிருக்காதுங்க. வருசம் ஒருக்கா அந்தத் தேய் தேய்ச்சா?”

“சுத்தமா இருக்கணும்னுதான தொடச்சேன்.”

“ஜகாத்துல கொற வைக்கல. அத நெனச்சுக்கிருங்க” என்றார் பல்கீஸ்.

கீறல் மூன்றிலும் ஒரே அளவுதானா, மூன்றாவது நாணயம் வாங்கிக் குறைந்த காலமாயிற்றே, அதையாவது தனியாகப் பார்க்கக் கூடாதா என்று கேட்டு பாரி மறுபடி எழுதினார். சண்முகவேலிடமும் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். நிறுவனத்திடமிருந்து பதில் வரும்வரை பொறுப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். சொன்னபடி பொறுக்கவும் செய்தார்.

இப்போது அந்த இடத்தில் ஒரு டயர் கடை இருக்கிறது. பாரி வீட்டின் முன்னறையில் வைத்துத் தார்ப்பாய் விற்கிறார். தெரிந்த லாரிக்காரர்கள் சிலர் விசாரித்துக்கொண்டு உள்தெருவரை வருகிறார்கள். மூன்று நாணயங்களையும் லென்ஸ் வைத்துத் தனித்தனியே பார்த்ததாகவும், எதற்கும் எடைக்கு மேல் விலை இல்லை என்றும் தெரிவித்த கடைசிக் கடிதம் வந்தது 2025 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.