மூன்று ஓட்டை அங்கி

தொகாஷி ஹிசானோவுக்கு வயது ஐம்பத்தேழு. டோக்கியோவில், ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்துக் கடை ஒன்றில், கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தைக்கிறாள். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் இசுருகி என்ற பேர்போன ஆடை வடிவமைப்பாளரிடம் துணி வெட்டினாள். அவர் காற்றில் கையை ஆட்டி, "மலை மாதிரி ஒண்ணு வேணும்" என்பார். அவ்வளவுதான் அவர் வேலை. துணியை மலையாக நிற்க வைப்பது இவள் பாடு.

அப்படி வந்ததுதான் அந்தக் கறுப்புக் கம்பளி அங்கி. மேசையில் விரித்தால் மூன்று ஓட்டை போட்ட போர்வை. முறையாக முறுக்கி உடுத்தினால் தோளுக்கு மேல் பாறையாக எழும்பி நிற்கும். பாரிஸ் ஆடைக் காட்சியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். "எல்லாம் என் கைதான். வெட்டுறவங்க வெறும் கத்தரிக்கோல்" என்று ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார் இசுருகி. ஹிசானோ அந்தப் பத்திரிகையை அவர் முன்னால் வைத்து, "இது நியாயமா, சென்செய்?" என்று, குருவை அழைக்கும் மரியாதையோடே கேட்டாள். மறுவாரமே வேலை போயிற்று. அவள் வரைந்த தாள்களை, உடுத்தும் முறை எழுதிய தாள் உட்பட, குப்பையில் போடச் சொன்னதும் அவரேதான். படுபாவி மனுஷன்! ஆறு வருஷம் அவள் வயிறு எரிந்தது. கால்சட்டையில் ஊசி இறக்கும்போதெல்லாம் உள்ளே அவர் தொடை இருப்பதாக நினைத்துக்கொள்வாள்.

போன வசந்தத்தில் ஓர் அருங்காட்சியகம் அந்த அங்கியை வாங்கியது. இசுருகியே ஆளுயரப் பொம்மைக்கு அதை உடுத்திக் காட்ட வேண்டும், படம் பிடிப்போம் என்றார்கள். இரண்டு மணி நேரம் புரட்டிப் பார்த்தார். எந்த ஓட்டை கழுத்துக்கு, எது கைக்கு என்றே பிடிபடவில்லை. வேர்த்து விறுவிறுத்து ஹிசானோவுக்குப் போன் போட்டார். அந்தக் காலத்தில் வெறும் தொகாஷி. இப்போது மரியாதையாக, "தொகாஷி சான், கொஞ்சம் வர முடியுமா?"

அவள் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, ஆற அமரப் போனாள்.

"எல்லாரும் வெளியே இருங்க. கேமராவும்தான்."

ஐந்து நிமிஷத்தில் கதவைத் திறந்தாள். அங்கி பாறையாக நின்றது. அருங்காட்சியக அதிகாரி நிஷினா, "அடேயப்பா!" என்று வாய் பிளந்தாள்.

"பாத்தீங்களா? நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சது" என்று இசுருகி இளித்தார்.

ஹிசானோ ஒரு நுனியைச் சுண்டி இழுத்தாள். அங்கி பொத்தென்று தரையில் விழுந்தது.

"உங்க பாதியை நீங்க உடுத்துங்க, சென்செய். மீதியை நான் பாத்துக்கறேன்."

அவர் முகம் கறுத்தது. "சரி... பெயர் அட்டையில இவங்க பேரையும் போட்டுடுங்க" என்று முனகினார்.

"முன்னாடியா, பின்னாடியா?" என்றாள் நிஷினா.

"அவர் பேரே வேண்டாம்" என்றாள் ஹிசானோ. "என் பேர் மட்டும். இல்லேன்னா இப்படியே போர்வையா விரிச்சு வெச்சு, கீழே அவர் பேரை எழுதுங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

நிஷினா இசுருகியைப் பார்த்தாள். அவர் தரையில் கிடந்த அங்கியைப் பார்த்துவிட்டு, "அவங்க பேரையே போடுங்க" என்றார்.

திறப்பு நாளன்று இசுருகி வரவில்லை. ஹிசானோ வந்தாள். ஒரே ஒரு பெயர் இருந்த அட்டைக்குப் பக்கத்தில் நின்று மூன்று படம் எடுத்துக்கொண்டாள். அதில் நன்றாக விழுந்ததை அவருக்கே அனுப்பி வைத்தாள்.