டெல்லி மாதாவின் முகம்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கோயில்களில் இருதயநாதன் கைபடாத அந்தோணியார் சுரூபம் குறைவு. சிமென்ட்டில் வார்த்து, தேய்த்து, வர்ணம் பூசிக் கொடுப்பார். குடும்பம் அதில்தான் ஓடியது. ஆனால் தன் மனதுக்கென்று அவர் செதுக்கியது ஒன்றே ஒன்று. அது அவருடைய ஒரே மகள் அனிஷாவின் உருவம்.

காய்ச்சலில் ஒரு வாரம்கூடத் தாங்காமல் அந்தப் பிஞ்சு போய்விட்டது. அவள் ஊஞ்சல் கட்டி ஆடிய மாமரத்தை வெட்டி, அதிலேயே அவளைச் செதுக்கினார்.

"மாமரம் உளுத்துப் போகும்ணே. தேக்கு வாங்கித் தாரேன்" என்றான் நண்பன் முருகேசன்.

"எம்மக தொட்ட மரம்யா இது!"

கீழுதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கும் முகம் உருவானது. முருகேசன்தான் அதைத் தில்லிக்கு, தேசிய நுண்கலை அகாதெமியின் கண்காட்சிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். தேர்வாயிற்று. பரிசு எதுவும் இல்லை. போன பெட்டியிலேயே திரும்பி வந்தது.

பெட்டியைத் திறந்ததும் மனைவி அன்னாள் அலறிவிட்டாள். "இவளப் பாத்துக்கிட்டே நான் எப்படிச் சோறு திங்கிறது? எங்கயாச்சும் கொண்டு போயிருங்க!"

அகரம் என்ற ஊரை அடுத்த ஒரு சிற்றூர்க் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். பெட்டியில் தில்லி என்றிருந்ததைப் பார்த்த ஊர், மாதாவே சிறுமியாக ரயிலேறி வந்துவிட்டதாக நம்பியது. 'டெல்லி மாதா' என்று பெயரிட்டார்கள். திருநாளுக்கு முன்னால், வேண்டுதல் வைத்த நேர்ச்சைக்காரர் ஒருவர் சுரூபத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பது அங்கே வழக்கமானது. இருதயநாதன் அந்தப் பக்கமே போகவில்லை. பெற்ற வயிறு மட்டுமா எரியும்?

வருடங்கள் ஓடின. அன்னாள் இப்போது படுத்த படுக்கை. வீட்டிலிருந்த ஒரே போட்டோவையும் அடக்கத்தன்று பிள்ளையின் நெஞ்சில் வைத்தே புதைத்துவிட்டாள்.

"முகம் மறந்துபோச்சுங்க" என்று விசும்புவாள். "பெத்தவளுக்கு மறக்கலாமா? சாகுறதுக்குள்ள ஒரு தடவ காட்டுங்க."

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து முஹ்சினா வந்தாள். அகாதெமியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவள்.

"பரிசு வாங்கினவங்க எல்லாரும் வரலாத்துல இருக்காங்கய்யா. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போனவங்கதான் இல்ல. அவங்க செஞ்சதெல்லாம் இப்ப எங்க இருக்குன்னு தேடிப் படம் எடுக்கிறேன்."

இருதயநாதன் பெயிண்ட் கரைக்கும் திரவத்தையும் சுரண்டும் தகட்டையும் பையில் போட்டுக்கொண்டு அவளுடன் கிளம்பினார். பெயிண்டை எடுத்துவிட்டால் மகள் வந்துவிடுவாள். ஒரு படம் போதும், அன்னாளுக்கு.

கோயிலில், இந்த ஆண்டு நேர்ச்சைக்காரி பேச்சாயி ரோஸ் பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இவருதான் மாதாவச் செஞ்சவரு" என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பெலிக்ஸ்.

"செஞ்சாரா? ஆத்தா டெல்லியில இருந்து டிக்கெட் இல்லாம வந்தவுகய்யா! வாய் பேசாத எம்மகளப் பேச வச்சாக. இப்ப வாய மூட மாட்டேங்கிறா, அது வேற கத." பேச்சாயி சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

"அது எம்மக, தாயி" என்றார் இருதயநாதன். "செத்துப்போன எம்மக."

சிரிப்பு நின்றது. பேச்சாயி மடியிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள்.

"சுரண்டிக்கய்யா. கண்ணு நிறையப் பாத்துட்டு எங்கிட்டக் குடு. நான் பூசிக்கிறேன்."

இருதயநாதன் கன்னத்தில் தொடங்கினார். ரோஸ் உரிந்தது. அடியில் சந்தனம். அதனடியில் மறுபடி ரோஸ். யார் யாரோ வேண்டிக்கொண்ட பூச்சுகள். "வந்துருவா, இந்தா வந்துருவா" என்று முனகியபடியே சுரண்டினார்.

திடீரென்று தகடு உள்ளே இறங்கியது.

கன்னத்தில் ஓட்டை. அதிலிருந்து பழுப்புத் தூள் பொலபொலவென்று அவர் உள்ளங்கையில் கொட்டியது. விரலை விட்டுப் பார்த்தார். மரம் இல்லை. மகள் ஊஞ்சலாடிய மாமரம் முழுவதும் உளுத்துப் போயிருந்தது. பெயிண்ட் ஓடு மட்டும் முகமாக நின்றது. அந்த உதடும், அடக்கிய சிரிப்பும் வெறும் மேடாகிவிட்டிருந்தன.

"உதட்டுப் பக்கம் மட்டும் மெல்ல எடுத்துப் பாக்கலாமாய்யா?" என்றாள் முஹ்சினா.

"வேண்டாம்மா. தொட்டா உதிர்ந்துருவா. இவுக பூசுனதுதான் எம்மகள நிறுத்தி வச்சிருக்கு."

"இப்ப எங்க இருக்குன்னு எழுதட்டும்?"

"கோயில்ல இருக்காள்னு எழுதும்மா."

துணியைப் பெயிண்டில் நனைத்து ஓட்டையை அவரே அடைத்தார். பேச்சாயி பிரஷை நீட்டினாள். மகளின் முகத்தைத் தன் கையாலேயே மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அன்னாள் அவர் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"பாத்தீகளா? கையில என்ன, ரோஸ் கலரா?"

"நம்ம புள்ளைக்கு மூஞ்சி கழுவிப் பவுடர் போட்டுவிட்டு வந்தேன், அன்னாளு."

"போட்டோ எங்க?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அன்னாள் விடவில்லை. மெல்லக் கேட்டாள்:

"இப்பவும் கீழுதட்டக் கடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாளா?"

மறந்துவிட்டதாகச் சொன்னவள்! இனி அந்த முகம் இருப்பது தங்கள் இருவருக்குள் மட்டும்தான். இவளும் எத்தனை நாளைக்கு?

"ஆமா" என்றார். "அப்படியேதான் நிக்கிறா."

சொல்லிவிட்டு, ரோஸ் அப்பிய கையால் தன் முகத்தை மூடிக்கொண்டார்.